மனநல உதவிக்கு யார் போகிறார்கள், யார் போவதில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல மருத்துவரிடம் போகிறவர்களுக்குத்தான் பிரச்சினை அதிகம், போகாதவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகள் அப்படிச் சொல்லவில்லை. கடுமையாக அவதிப்படுகிற பலர் கடைசிவரை எந்த மருத்துவரையும் பார்ப்பதில்லை. அதற்கான காரணங்களைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

மனநல சேவை என்றால் எதையெல்லாம் சேர்த்துச் சொல்கிறோம்?

மனநல மருத்துவர், உளவியலாளர், ஆலோசகர், மனநலச் செவிலியர், சமூகப் பணியாளர் என்று இவர்கள் தரும் உதவி எல்லாம் இதில் சேரும். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதித் தரும் பொது மருத்துவர், கல்லூரியில் இருக்கும் கவுன்சிலர், தொலைபேசி உதவி எண், வீடியோ அழைப்பில் நடக்கும் சிகிச்சை ஆகியவையும்தான். மருத்துவமனையில் தங்கவைத்துப் பார்ப்பது இதில் ஒரு சின்னப் பகுதி.

தேவை இருப்பவர்கள் எப்படியும் போய்விடுவார்கள்தானே?

இல்லை. 2017இல் வெளியான ஒரு ஆய்வு 21 நாடுகளில் மனச்சோர்வு நோய் உள்ளவர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் விடுபடுகிறார்கள் என்று பார்த்தது. நோய் உள்ளவர்களில் தனக்கு சிகிச்சை தேவை என்று உணர்ந்தவர்கள் 57 சதவீதம் பேர்தான். அப்படி உணர்ந்தவர்களில் 71 சதவீதம் பேர் ஒரு முறையாவது யாரையாவது போய்ப் பார்த்தார்கள். போனவர்களில் குறைந்தபட்சத் தரமுள்ள சிகிச்சை கிடைத்தது 41 சதவீதம் பேருக்கு. மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நோய் உள்ள 100 பேரில் உருப்படியான சிகிச்சை பெற்றவர்கள் 17 பேர்கூட இல்லை. வசதியான நாடுகளில் ஐந்தில் ஒருவருக்குக் கிடைத்தது. ஏழை நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான்.

இந்தக் கணக்கில் நான் முக்கியமாகப் பார்ப்பது முதல் கட்டத்தை. கதவு திறந்திருக்கிறதா, கட்டணம் எவ்வளவு என்ற கேள்விகள் எழுவதற்கு முன்பே கிட்டத்தட்டப் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள்.

எந்தெந்தக் காரணங்கள் இதைத் தீர்மானிக்கின்றன?

அமெரிக்க ஆய்வாளர் ரொனால்ட் ஆண்டர்சன் 1968இல் ஒரு வகைப்பாட்டைத் தந்தார். மருத்துவ சேவையை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்பவர்கள் இன்றும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் காரணங்களை மூன்றாகப் பிரித்தார். ஒருவரின் வயது, பாலினம், படிப்பு, நம்பிக்கைகள் போல நோய் வருவதற்கு முன்பே இருப்பவை ஒரு வகை. பணம், காப்பீடு, தூரம், மருத்துவர்களின் எண்ணிக்கை போல போவதற்கு வழிசெய்பவை இரண்டாவது வகை. மூன்றாவது தேவை: நோய் எவ்வளவு கடுமையானது, அதை அவரே எப்படி உணர்கிறார் என்பது.

ஒரு சேவை நியாயமாக நடக்கிறதா என்று பார்ப்பதற்கும் இந்தப் பிரிவு உதவும். யார் வருகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் தேவையே தீர்மானித்தால் நியாயமாக நடக்கிறது என்று பொருள். பணமும் தூரமும் தீர்மானித்தால் ஏதோ கோளாறு இருக்கிறது.

தனக்கு உதவி தேவை என்பதே ஒருவருக்குத் தெரியாமல் போகுமா?

நிறையவே போகும். மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வருவதில்லை. தூக்கம் கெடும், உடம்பு வலிக்கும், தலை பாரமாக இருக்கும், எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும், சாப்பாடு பிடிக்காது. 14 நாடுகளின் பொது மருத்துவ நிலையங்களில் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு இருந்தவர்களில் 69 சதவீதம் பேர் உடல் தொந்தரவுகளை மட்டுமே சொல்லிக்கொண்டு வந்திருந்தார்கள். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று அறிக்கை வந்ததும், அத்தோடு விஷயம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். வலி மட்டும் அப்படியே இருக்கும்.

இன்னொரு சிக்கல், நோய் மெதுவாக வருவது. பதினைந்து வயதில் தொடங்கிய பதற்றம் இருபத்தைந்து வயதில் ‘என் சுபாவமே இதுதான்’ என்று ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் 2005இல் வெளியான ஒரு தேசியக் கணக்கெடுப்பு, கடைசியில் எப்படியோ சிகிச்சைக்கு வந்து சேர்ந்தவர்கள் அதற்கு எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள் என்று பார்த்தது. மனச்சோர்வு வகை நோய்களுக்கு நடுவளவாக (பாதிப் பேர் இதற்குக் குறைவாக, பாதிப் பேர் இதற்கு அதிகமாக) 6 முதல் 8 ஆண்டுகள். பதற்றக் கோளாறுகளுக்கு, எந்தக் கோளாறு என்பதைப் பொறுத்து, 9 முதல் 23 ஆண்டுகள். வந்து சேர்ந்தவர்களுக்கே இவ்வளவு தாமதம்.

‘நானே சமாளித்துக்கொள்வேன்’ என்பவர்கள் பிடிவாதக்காரர்களா?

அப்படிச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 24 நாடுகளின் தரவை வைத்து 2014இல் வந்த ஆய்வில், நோயும் இருந்து, உதவி தேவை என்றும் உணர்ந்தவர்களைக் கேட்டபோது, அவர்கள் அதிகம் சொன்ன தடை இதுதான். சுமார் 64 சதவீதம் பேர் தாங்களாகவே சரிசெய்துகொள்ள விரும்பியதாகச் சொன்னார்கள். பணம் இல்லை, தூரம் அதிகம் என்று சொன்னவர்களைவிட இவர்கள் அதிகம்.

இது ஒரு நியாயமான விருப்பம். வாழ்க்கையில் எத்தனையோ கஷ்டங்களைத் தானே தாண்டி வந்த ஒருவர் இதையும் தாண்டலாம் என்று நினைப்பதில் தவறில்லை. லேசான பிரச்சினைகள் பல தானாகவே சரியாகவும் செய்கின்றன. வாரக்கணக்கில் தூக்கமும் வேலையும் கெட்டுப்போன பிறகும் அதே முடிவில் நிற்பதுதான் ஆபத்து. இவர்களிடம் ‘உங்களால் முடியாது, டாக்டரைப் பாருங்கள்’ என்றால் எடுபடாது. நீங்களே செய்யக்கூடிய பயிற்சிகளைச் சொல்லித்தரத்தான் அவர் இருக்கிறார் என்றால் காது கொடுப்பார்கள். அது உண்மையும்கூட. நல்ல உளவியல் சிகிச்சை பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

வெட்கமும் பயமும் எவ்வளவு தூரம் தடுக்கின்றன?

தடுக்கின்றன, ஆனால் அதுவே முழுக் காரணம் இல்லை. 144 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வந்த ஒரு மதிப்பீடு, சமூகக் களங்கத்தின், அதாவது மனநோய் என்றால் கேவலமாகப் பார்க்கும் போக்கின் தாக்கம் சிறிதிலிருந்து நடுத்தரம்வரை என்று சொன்னது. தடைகளின் வரிசையில் அது நான்காவது இடத்தில் இருந்தது. அதற்குள்ளும் முதலில் நின்றது, வெளியே தெரிந்துவிடுமோ என்ற அச்சம்: வேலைக்குப் பங்கம் வருமோ, கல்யாணப் பேச்சு முறியுமோ, குழந்தையைத் தன்னிடம் விடமாட்டார்களோ என்ற கவலைகள்.

இந்தத் தடை எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. இளைஞர்கள், ஆண்கள், சிறுபான்மை இனத்தவர், இராணுவத்தில் இருப்பவர்கள், மருத்துவத் துறையில் வேலை செய்பவர்கள் ஆகியோரை இது அதிகமாகத் தடுப்பதாக அதே மதிப்பீடு காட்டியது. மருத்துவர்களும் செவிலியர்களும் இந்தப் பட்டியலில் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மற்றவர்களுக்குச் சிகிச்சை தருகிறவர், தன் பெயரை அதே பதிவேட்டில் பார்க்கத் தயங்குகிறார்.

ஆண்கள் ஏன் குறைவாக வருகிறார்கள்?

மனச்சோர்வும் பதற்றமும் பெண்களிடம் அதிகம் பதிவாகின்றன என்பது ஒரு காரணம். ஆனால் ஒரே அளவு பிரச்சினை உள்ளவர்களை ஒப்பிட்டாலும் பெண்களே அதிகம் உதவி நாடுகிறார்கள். உலக அளவில் தற்கொலையால் இறக்கும் ஆண்களின் விகிதம் பெண்களைப்போல் இரு மடங்குக்கு மேல். ஆகவே ஆண்களுக்குத் தேவை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

கலங்கக் கூடாது என்றே வளர்க்கப்பட்டவர், கலக்கத்தைக் கோபமாகவோ குடியாகவோ இரவு பகலாக வேலை செய்வதாகவோ மாற்றிக்கொள்கிறார். அதனால் அவருக்கும் அடையாளம் தெரிவதில்லை, மருத்துவருக்கும் தெரிவதில்லை. பெண்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. மகப்பேறு, குழந்தைக்குத் தடுப்பூசி என்று அவர்கள் மருத்துவ நிலையத்துக்குப் போய்வருகிறார்கள். அங்கே யாராவது ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்கிறார்கள். ஆனால் போக வேண்டும் என்றால் வீட்டில் அனுமதி கேட்க வேண்டும், கையில் தனிப் பணம் இல்லை என்ற நிலையில் இருக்கும் பெண்களுக்கு இந்த வாய்ப்பெல்லாம் பயன்படாது.

வயது ஒரு காரணமா?

ஆமாம், இரண்டு முனைகளிலும். வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று 2005இல் வந்த இன்னொரு அமெரிக்கக் கணக்கு சொல்கிறது. உதவி அதிகம் தேவைப்படும் அந்த வயதில் முடிவு பெற்றோர் கையில் இருக்கிறது. அப்புறம் 18 வயதானதும் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றுகிறார்கள்; அந்த இடைவெளியில் நிறையப் பேர் தொலைந்துபோகிறார்கள்.

முதியவர்களின் கதை வேறு. வயதானால் மனம் சோர்ந்துதான் இருக்கும் என்று குடும்பமும் நினைக்கிறது, சில மருத்துவர்களும் நினைக்கிறார்கள். மனச்சோர்வு முதுமையின் இயல்பான பகுதி கிடையாது. சிகிச்சை தந்தால் முதியவர்களும் நன்றாகத் தேறுகிறார்கள்.

பணம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

எல்லாம் ஆகாது, ஆனால் நிறைய ஆகும். இதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலிருந்து கிடைத்தது. 2008இல் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீட்டில் சில இடங்களே இருந்ததால் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்து, காப்பீடு கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். இரத்த அழுத்தத்திலும் கொழுப்பு அளவிலும் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையோ, காப்பீடு கிடைத்தவர்களிடம் சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. கடனும் மருத்துவச் செலவும் குறைந்ததன் நிம்மதியும் இதில் கலந்திருக்கும் என்பது என் ஊகம்.

கட்டணம் மட்டும்தான் செலவு என்று நினைக்கக் கூடாது. தினக்கூலித் தொழிலாளிக்கு ஒரு சந்திப்பு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. வாரம் ஒரு முறை, பன்னிரண்டு வாரம் என்று சிகிச்சையாளர் சொல்லும்போது, பஸ் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், மேலாளரிடம் சொல்ல ஒரு காரணம் என்று எல்லாம் பன்னிரண்டு மடங்காகிறது. இலவச சேவைக்கும் ஆள் வராமல் போவது இதனால்தான்.

தூரம் இவ்வளவு முக்கியமா?

இந்தத் துறையின் மிகப் பழைய கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. எட்வர்ட் ஜார்விஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1850இல் மனநோய் மருத்துவமனைகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். மருத்துவமனைக்கு அருகில் உள்ள வட்டாரங்களிலிருந்து நோயாளிகள் அதிகம் வந்திருந்தார்கள். தொலைவு கூடக்கூட வருகை குறைந்தது. தொலைவில் இருப்பவர்களுக்கு நோய் குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. இதை இன்றும் ஜார்விஸ் விதி என்கிறார்கள்.

பிரிட்டிஷ் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் இதைவிடக் கசப்பான ஒன்றைச் சொன்னார். நல்ல மருத்துவ சேவை, அது அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் குறைவாகக் கிடைக்கிறது என்றார். மனநலத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, வருமானம் குறைந்த நாடுகளில் ஒரு லட்சம் பேருக்கு மனநலப் பணியாளர்கள் இரண்டு பேருக்கும் குறைவு. வசதியான நாடுகளில் 60க்கு மேல். அரசுகள் தங்கள் சுகாதாரச் செலவில் மனநலத்துக்கு ஒதுக்குவது நடுவளவாக 2 சதவீதம்தான்.

வீடியோ அழைப்பு வந்த பிறகு தூரப் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

சிலருக்குத் தீர்ந்திருக்கிறது. நல்ல இணையமும், கதவைச் சாத்திக்கொள்ளத் தனி அறையும் இருப்பவர்களுக்கு. ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் கணவரைப் பற்றியோ மாமியாரைப் பற்றியோ எப்படிப் பேச முடியும்?

மொழியும் இனமும் எப்படி இதில் நுழைகின்றன?

மற்ற நோய்களுக்கு மருத்துவர் தொட்டுப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். மனநலத்தில் பேச்சுதான் பரிசோதனை, பேச்சுதான் பாதி மருந்து. தாய்மொழியில் பேச வழி இல்லாவிட்டால் புலம்பெயர்ந்தவர் வந்தும் பலனில்லை. மொழிபெயர்க்க வீட்டுப் பிள்ளையையே உட்காரவைப்பது இன்னும் மோசம். பத்து வயதுக் குழந்தையின் முன்னால் ஒரு தாய் சாகத் தோன்றுகிறது என்று சொல்லமாட்டார்.

அப்புறம், சேவைக்குள் வருகிற எல்லோரும் விரும்பி வருவதில்லை. இங்கிலாந்தில் கறுப்பின மக்கள் வெள்ளையர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் சட்டத்தின்கீழ் கட்டாயமாக மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். நிலைமை முற்றி, காவல்துறை வழியாக முதல் சந்திப்பு நடந்தால், அந்த மனிதரும் அதைப் பார்த்த உறவினர்களும் அடுத்த முறை தாமாக வருவார்களா? வெறும் வருகை எண்ணிக்கையைப் பார்த்து ஒரு சமூகத்துக்கு சேவை போய்ச் சேர்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

குடும்பமும் நண்பர்களும் உதவுகிறார்களா, தடுக்கிறார்களா?

இரண்டும் நடக்கிறது. சமூகவியலாளர் பெர்னிஸ் பெஸ்கோசொலிடோ 1991இல் முன்வைத்த கருத்து இங்கே பொருந்தும்: யாரும் தனியாக உட்கார்ந்து லாப நஷ்டம் பார்த்து மருத்துவரிடம் போவதில்லை, சுற்றியிருப்பவர்களோடு பேசிப்பேசித்தான் அங்கே போய்ச் சேர்கிறார்கள். ‘எனக்கும் இப்படி இருந்தது, போய்ப் பார்த்தேன், சரியானது’ என்று தோழி ஒருத்தி சொன்னால் பெரிய விளம்பரத்தைவிட அது வேலை செய்யும். மிகவும் நெருக்கமான குடும்பம் ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று ஆண்டுக்கணக்கில் மூடிவைப்பதும் உண்டு. பலர் முதலில் மதப் பெரியவரிடமோ பாரம்பரிய வைத்தியரிடமோ போகிறார்கள். அதைத் தடுப்பதைவிட, எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிவைப்பது பயன் தரும்.

ஒரு முறை போனவர்கள் ஏன் திரும்ப வருவதில்லை?

காத்திருப்பு நீண்டுவிட்டது, மருத்துவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, முதல் வாரத்திலேயே மாத்திரையின் பக்கவிளைவு வந்தது, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, ஒவ்வொரு முறையும் புது ஆளிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது: காரணங்கள் பெரும்பாலும் இவைதான். பாதியில் நின்றவரை ஒழுங்கில்லாதவர் என்று எழுதிவைப்பதற்கு முன், அன்றைக்கு அவரை எப்படி நடத்தினோம் என்று பார்க்க வேண்டும்.

எதை மாற்றினால் அதிகம் பேர் வருவார்கள்?

விழிப்புணர்வுச் சுவரொட்டி மட்டும் போதாது. கதவை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோன முயற்சிகள்தான் பலன் தந்திருக்கின்றன. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய ‘நட்பு இருக்கை’ திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலையத்தின் வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஹராரேயில் 573 பேரை வைத்து நடத்தி 2016இல் வெளியிட்ட சோதனையில், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இவர்களிடம் பேசியவர்களுக்கு அறிகுறிகள் நன்றாகக் குறைந்திருந்தன.

இங்கிலாந்தில் உளவியல் சிகிச்சைகளைப் பரவலாக்கும் திட்டத்தை முதலில் இரண்டு இடங்களில் சோதித்தபோது, மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமலே நேராக வரலாம் என்று அனுமதித்தார்கள். அப்படி நேராக வந்தவர்களில் சிறுபான்மையினரின் பங்கு கூடுதலாக இருந்தது. ஒரு கடிதம்கூட எவ்வளவு பேரை வடிகட்டிவிடுகிறது என்பதற்கு இது சான்று.

நான் ஒரு சேவை மையத்தை நடத்துகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

வந்தவர்களின் பட்டியலைச் சுற்றுவட்டார மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த வயதினர், எந்தத் தெருக்காரர்கள், எந்த மொழி பேசுகிறவர்கள் அதில் இல்லை என்று தேடுங்கள். பிறகு அவர்களில் சிலரிடம் போய்க் கேளுங்கள். மாலை நேரத்தில் திறப்பது, பெயர்ப்பலகையை அடக்கமாக வைப்பது, அடுத்த சந்திப்புக்கு முந்தின நாள் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது போன்றவை பெரிய செலவு வைக்காது.

என் வீட்டில் ஒருவருக்கு உதவி தேவை, ஆனால் வரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

முதலில் எந்தத் தடை என்று கண்டுபிடியுங்கள். பிரச்சினை இருப்பதாகவே அவர் நினைக்கவில்லையா, ஊருக்குத் தெரியும் என்று பயப்படுகிறாரா, செலவை எண்ணுகிறாரா, முன்பு ஒரு முறை போய்க் கசந்ததா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. நோயின் பெயரைச் சொல்லி வாதாடுவதை விட்டு, அவரே குறைப்பட்டுக்கொள்ளும் விஷயத்திலிருந்து தொடங்குங்கள். தூக்கமில்லை என்றால் தூக்கத்துக்காகவே பொது மருத்துவரிடம் போகலாம். நேரம் வாங்குவது, கூட வந்து வெளியே காத்திருப்பது ஆகிய வேலைகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சந்திப்புக்கு மட்டும் சம்மதம் கேளுங்கள். பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்க்கலாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

உயிரை விடுவதைப் பற்றிப் பேசினால் நிலைமை வேறு. சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியாக விடாதீர்கள், ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்துங்கள், அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.